நீர்க்கடன்

கலாமாவில் மழை என்பது
வானொலி சொல்லும் வெளியூர்ச் செய்தி.
கொடியில் போட்ட சட்டை
நான் உள்ளே வருவதற்குள் காய்ந்து
கோபித்துக்கொண்ட ஆள் மாதிரி விறைத்து நிற்கும்.
இந்த ஊரில் நான் விற்பது ஈரம்.

ஒரியேத்தா முந்நூறு டன் லாரி ஓட்டுகிறவள்.
செம்புக் குழியின் அடியிலிருந்து விளிம்புக்கு,
விளிம்பிலிருந்து அடிக்கு,
பதினெட்டு வருடம்.
ஒரு சீரம் பாட்டிலை என் மேசையில் வைத்தாள்,
திரிந்த பாலைக் கடையில் திருப்பித் தருகிறவள் போல.
"தடவத் தடவ இழுக்கிறது. ஏமாற்று."

ஏமாற்று இல்லை.
ஹையலூரானிக் அமிலத்துக்குத் தெரிந்தது ஒரே வேலை:
தண்ணீரைக் கண்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும்.
காற்றில் இருந்தால் காற்றிலிருந்து.
காற்று கைவிரித்தால்
உன் தோலின் கீழ்வீட்டிலிருந்து.
முகம் கழுவு, துடைக்காதே,
சொட்டச் சொட்டத் தடவு,
மேலே பிசுக்காக எதையாவது பூசி மூடு.
(இதைப் பெட்டியில் அச்சடிக்க மட்டும்
அவர்களுக்கு இடம் போதவில்லை.)

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.
"லோவா ஆற்றுக்குச் சுரங்கம் செய்கிற மாதிரி."
நான் பதில் சொல்லவில்லை.
சுரங்கத்துச் சம்பளத்தில்தான்
என் கதவுக்கு மேல் விளக்கு எரிகிறது.

முன்பு இதைச் சேவற்கொண்டையிலிருந்து எடுத்தார்கள் என்றேன்,
இப்போது தொட்டியில் நுண்ணுயிர் வளர்த்து.
"நல்லவேளை. கூவ வேறு ஆரம்பித்திருப்பேன்."

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள்.
கண்ணுக்குக் கீழே குழி.
புது மேற்பார்வையாளனுக்கு இருபத்தொன்பது வயது.
தினமும் கேட்கிறான்: தூங்கினீர்களா, சீமாட்டி?
களைத்த முகம் என்று எழுதிவிட்டால்
ஏணியிலிருந்து இறக்கிவிடுவார்கள்.
"அழகுக்கு இல்லை. லாரிக்கு."

நல்லதும் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை.
கோல்கீப்பர் எவாரிஸ்தோ
முழங்காலில் இதையே போட்டுக்கொண்டு
ஒரு குளிர்காலம் முழுக்கப் படியேறினார்.
ஆறு மாதத்தில் கரையும் என்கிறது பெட்டி.
ஐந்து வருடம் கழித்தும் ஒரு கன்னத்தில்
வாடகை தராமல் குடியிருந்ததை
ஸ்கேனில் பார்த்ததும் நான்தான்.

இடப்பக்கம் சுலபமாக நிரம்பியது.
வலப்பக்கம், கடைசித் துளியில்,
கன்னம் சுண்ணாம்பாக வெளுத்தது.
நகத்தால் அழுத்தினேன். ரத்தம் திரும்பவில்லை.
ஒரியேத்தா, என் விரல் எத்தனை?
இரண்டு.
இப்போது?
இரண்டுதான், ஏன் உன் கை நடுங்குகிறது?

கரைக்கும் மருந்து குளிர்பெட்டியில்
முட்டைக்கும் தயிருக்கும் நடுவில் இருந்தது.
ஊசி. வெந்நீர்த் துணி. மறுபடி ஊசி.
நாற்பத்தொரு நிமிடம்.
தெருவில் நாய்கள் சண்டையிட்டு, சமாதானமாகி,
மறுபடி சண்டையிட்டன.
அதன் பின் சிவப்பு, ஓரத்திலிருந்து,
தயங்கித் தயங்கி வந்தது.

"என்னுடையதையும் சேர்த்தா கரைத்தாய்?"
ஆமாம்.
உடம்பு மறுபடி செய்யும்,
எப்படியும் தினமும் மூன்றில் ஒரு பங்கை
உடைத்துவிட்டுப் புதிதாகச் செய்கிறது.
"அதுவும் ஷிஃப்டா" என்றாள்.

பணம் வாங்கவில்லை. அன்றிரவு தூங்கவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து வந்தாள்,
பிகா ஊர் எலுமிச்சை ஒரு பையோடு.
இடக்கண் விடுமுறை முடிந்து வந்தது போல,
வலக்கண் இரவுப் பணி.
இதை நிரப்பவா, அதைக் கரைக்கவா
என்று கேட்டேன்.
நிரப்பு என்றால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"இருக்கட்டும். லாரியில் கேமரா
இடப்பக்கம்தான் மாட்டியிருக்கிறார்கள்."

விளக்கணைத்து வீட்டுக்குப் போனேன்.
முகம் கழுவினேன், துண்டைத் தொடவில்லை.
குளியலறையிலிருந்து அலமாரிக்கு ஏழு எட்டு.
பாட்டிலை எடுப்பதற்குள்
நெற்றி காய்ந்துவிட்டது.