இரண்டாம் பக்கம்

அதிகாலை இரண்டே முக்கால்.
வெதுப்பகத்தில் வேலை முடித்து
மா படிந்த சப்பாத்துகளோடு
புளூர் தெருவில் கிழக்கே போகும் இரவு பஸ்ஸில் ஏறினேன்.
ரொறொன்ரோவில் அன்று மைனஸ் பத்தொன்பது.

உள்ளே வழமையான ஆட்கள்.
போக ஓரிடம் இருப்பவர்கள் நாலைந்து பேர்.
பஸ்ஸையே இடமாக்கிக்கொண்டவர்கள் ஒன்பது பேர்.
தினமும் எண்ணுவேன்,
தள்ளி இருப்பதற்காக.

அன்று சட்டைப்பைக்குள் ஒரு கடிதம்.
மூலையில் குடிவரவுத் திணைக்களத்தின் முத்திரை.
கண்ணாடித்தாள் சன்னலுக்குள்
என் பெயர், பாதி வெட்டுப்பட்டு.
உறையின் ஓரத்தில் விரலை நுழைத்தபோது
பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல்:
"இப்போது வேண்டாம்."

ஒன்றின்மேல் ஒன்றாய் மூன்று கோட்டுகள்.
கால்களில், எங்கள் வெதுப்பகத்தின்
பாண் பைகள், இறப்பர் நாடாவால் கட்டியவை.
டொரீன் என்றாள்.
என் பெயர் கேட்டாள்.
வேலையிடத்தில் 'பாலா'வோடு நிறுத்திவிடுவார்கள்.
இவள் ஒவ்வோர் அசையாய் நடந்து
குகபாலசிங்கம் என்று
கடைசி மெய்யெழுத்து வரைக்கும் வந்து சேர்ந்தாள்.

"இந்த நேரத்தில் திறந்தால்
கடிதம் மட்டும்தான் பேசும்.
திருப்பிக் கேட்க ஓர் அலுவலகமும் திறந்திருக்காது.
வீட்டு உரிமையாளனின் கடிதத்தை
ஒரு வெள்ளி இரவு பதினொன்றரைக்கு உடைத்தேன்.
திங்கள் விடிவதற்குள்
நானே என்னை வெளியேற்றிவிட்டேன்.
அறுபது நாள் அவகாசம் இருந்ததாம்,
இரண்டாம் பக்கத்தில்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
எனக்குச் சிரிக்க முடியவில்லை.

என் வழக்கு அவளுக்குத் தெரியாது.
எந்த நாடு, எந்தப் போர்,
ஒன்றும் கேட்கவில்லை.
உறையைப் பிடித்திருக்கும் கை
எப்படி நடுங்கும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

கொண்டுவந்த இரண்டு பணிஸையும் நீட்டினேன்.
ஒன்றை எடுத்தாள்.
மற்றதை என் மடியில் வைத்தாள்.
"காலை ஒன்பதுக்கு இது வேண்டும்.
வெறும் வயிற்றோடு படிக்காதே."

வார்டன், கடைசித் தரிப்பு.
சாரதி எல்லோரையும் இறக்கினான்.
நான் வீட்டை நோக்கி நடந்தேன்.
அவள் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றாள்,
மேற்கே போய் மீண்டும் கிழக்கே வருவதற்கு.

இப்போது எட்டு ஐம்பது.
மேசையில் உறை, அதன்மேல் பணிஸ்.
இரவு பஸ்கள் விடியலோடு நின்றுவிடும்.
அதற்குப் பிறகு எங்கே போவாய் என்று
நான் கேட்கவேயில்லை.