நாற்பதைத் தாண்டினால்

கீழே போனவள் மேலே வரும்வரை
மேலே இருப்பவள் எண்ண வேண்டும்.
எனக்கும் பிரகாசிக்கும் இடையில்
எழுதி வைக்காத சட்டம் இது.

சின்னப்பாலத்தில் இறங்கி
விரலில் துணி சுற்றி, காலில் தகரச் செருப்பு கட்டி,
கண்ணாடியை எச்சில் தொட்டுத் துடைத்து
மரிக்கொழுந்துப் பாசிக்காகப் பாறைக்குள் தலையை விடுவோம்.
நான் முப்பத்தெட்டு வரை தாங்குவேன்.
நாற்பதைத் தாண்டினால் அவள் குதித்துவிடுவாள்.
ஒருமுறைதான் குதித்தாள்.
என் சட்டை பாறையில் மாட்டியிருந்தது.

ஆறாம் மாதத்தோடு நான் நின்றுகொண்டேன்.
சாயங்காலம் உப்புக் காயாத கையோடு வந்து
வயிற்றின் மேல் காதை வைத்து
"உள்ள இருக்குறது எத்தன எண்ணியிருக்கும்?" என்பாள்.
அப்போது எனக்குச் சிரிப்பு வரும்.

பிறந்தாள். இரண்டேமுக்கால் கிலோ.
மூக்கு யாருடையது என்று மூன்று நாள் வழக்கு நடந்தது.
மாமியார் பால்சுறாப் புட்டு அவித்தார்.
சின்னத்தை கை சிவக்க மருந்து இடித்தாள்.
எல்லோரும் நல்லவர்கள். அதுதான் சிக்கல்.
யாரிடம் போய்ச் சொல்வது,
என் பிள்ளையின் அழுகை எனக்கு
அடுத்த வீட்டு ரேடியோ போலக் கேட்கிறது என்று?

திங்கள், புதன், சனி அவருக்குக் கடல்.
மற்ற நாளில் தூக்கம்.
ஒரு ராத்திரி முழுக்கத் தொட்டில் கயிற்றைக்
கால்விரலில் கட்டிக்கொண்டு ஆட்டினார், பாவம்.
குழந்தை ஆடியது.
நான் ஆடாமல் கிடந்தேன்.

கடலுக்குள் சத்தமிருக்காது என்பவர்கள்
மூழ்கிப் பார்த்ததில்லை.
பாறை இடுக்கில் இறால் பொரியும்,
மூச்சு காதுக்குள் வந்து தட்டும்.
இதற்குள்தான் சத்தமே இல்லை.
தரை தட்டுப்பட்டால் உந்தி மேலே வரலாம்.
தட்டுப்படவில்லை.

இருபத்திமூன்றாம் நாள் பிரகாசி வந்தாள்.
தொட்டில் பக்கம் போகாமல்
என் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து
நகத்துக்குள் இருந்த பாசியை ஈர்க்குச்சியால் நோண்டினாள்.
பத்து விரலும் முடித்துவிட்டுத்தான் கேட்டாள்:
"கீழ போயி எத்தன நாளாச்சு?"

வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.
நேற்று மதியம் பிள்ளையை மணலில் கிடத்திவிட்டுப்
பாலம் வரைக்கும் நடந்துவிடலாம் போலிருந்தது.
திரும்புவதைப் பற்றி யோசிக்கவில்லை.

மாதாவே என்று அவள் சிலுவை போடவில்லை.
"எனக்கு ரெண்டாவதுக்கு வந்துச்சு" என்றாள்.
"உப்புத்தண்ணி குடிச்ச மாரி. எதக் குடிச்சாலும் தாகம்.
யாருட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா
வெரசா மேல வந்துருப்பேன்."

மறுநாள் அவள் பாசிக்குப் போகவில்லை.
ஒரு நாள் கூலி போயிற்று.
பாம்பன் ஆஸ்பத்திரியில் நான் விழுங்கிய சொற்களை
ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்:
"தூக்கமில்ல சிஸ்டர். ம், அதையுஞ் சொல்லு.
மணல்ல கிடத்துனத சொல்லுடி."
சிஸ்டர் தலை நிமிராமல் எழுதினார்,
ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு.
இதற்கும் சீட்டு உண்டென்று எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் பிள்ளை அவள் மடியில்.
அந்தப் பாசி வாடையில் அப்படியொரு தூக்கம்.
எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.
இத்தனை நாளில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி,
உச்சிப்புளி தாண்டும் வரை
அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முழுசாக மேலே வந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.
மாத்திரை இருக்கிறது. சில மதியங்கள் இருக்கின்றன.
நடுச்சாமத்தில் பிள்ளை எழுந்தால்
பிரகாசிக்கு ஒரு மிஸ்டு கால்.
மூன்று தெரு தள்ளி
எண்ணத் தொடங்கியிருப்பாள்.
பால் குடித்து முடித்ததும் இன்னொன்று.

நேற்று மறந்து தூங்கிப்போனேன்.
கதவு இடிபட்டது.
முடியாத தலை, செருப்பில்லாத கால்,
கண்ணில் கொலைக்கோபம்:

"ரெண்டாயிரத்து நானூறு எண்ணிட்டேன்டி."