யு சான்றிதழ்

முத்தம் இல்லை.
ரத்தம், தக்காளி சாஸ் அளவுக்கு.
கெட்ட வார்த்தை இரண்டு,
அதையும் பீப் விழுங்கிவிட்டது.
வெள்ளிக்கிழமை நைட் ஷோ தனியாகப் பார்த்துவந்து
ஜெசிந்தாவிடம் சொன்னேன்:
"பசங்களைக் கூட்டிட்டுப் போலாம்."

ஞாயிறு மேட்னி, தண்டையார்பேட்டை.
நாலு டிக்கெட், ஒரு பெரிய பாப்கார்ன்.
இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால்
பெண் பார்க்க வந்தவன்
"வூடு காசிமேட்ல" என்கிறான்.
பெண்ணின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்துகிறாள்.
தியேட்டரே அதிர்ந்தது.
ஆல்வின் முன்சீட்டை உதைத்து உதைத்துச் சிரித்தான்.
வெள்ளிக்கிழமை
நானும் சிரித்திருப்பேன். ஞாபகமில்லை.

சின்னவள் ரோஸ்லின்
பாப்கார்ன் எடுத்த விரல்களை
ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள்.

"வெண்ணெய் வாசனைதாம்ப்பா" என்றாள்.

நான் எதுவும் கேட்கவில்லை.