தலைச்சுற்றளவு

செவ்வாய்ப்பேட்டைக் கிடங்கில்
ஜவ்வரிசி மூட்டைமேல் இரண்டு தாள்கள்.
ஒன்று பந்தயப் பள்ளியுடையது, வழவழப்பானது:
மூன்று நாள், பன்னிரண்டு பேர்,
காரும் அவர்களே தருவார்கள்,
கடைசி மாலை சான்றிதழ், குழுப் படம்.
மற்றது பில் புத்தகத்தின் பின்னட்டை.
ஏற்காட்டு ஜோவிட்டா அனுப்பிய குறுஞ்செய்தியை
அதில் எழுதிவைத்திருக்கிறேன்:
ஒரு நாள், ஒரே ஆள்,
உங்க கார், உங்க டயர்,
பக்கத்து சீட்டில் நான்.

எனக்கு நாற்பத்தொன்று.
அவளுக்கு இருபத்துநான்கு.

காசு கட்டிய யாரையும் உள்ளே விடும்
ஞாயிற்றுக்கிழமைகளில்
கோவைத் தடத்தில் மூன்று முறை ஓட்டியிருக்கிறேன்.
மூன்று முறையும் அதே நேரம்.
அரை நொடிகூட இறங்கவில்லை.
டயரை மாற்றினேன்.
பிரேக் பேடை மாற்றினேன்.
எடை குறையட்டும் என்று பின்சீட்டைக் கழற்றினேன்;
கூடத்தில் அதன்மேல் உட்கார்ந்து
மகள் டிவி பார்க்கிறாள்.
ஓட்டுகிற ஆளைத்தான் இன்னும் மாற்றவில்லை.

லோகிதாசன் தட்டுவடை செட்டைக் கடித்துக்கொண்டே சொன்னான்:
"பள்ளின்னா பந்தி மாதிரி.
பன்னிரண்டு இலைக்கும் ஒரே சாம்பார்.
உனக்கு உப்பு பத்தாது,
எவனுக்கோ புளி கூட."

எடை போட்டுப் பிழைப்பவன் நான்.
பள்ளியில் மூன்று நாளுக்கு அறுபதாயிரம்,
காருக்குள் இருப்பதோ ஆறு மணி நேரம்.
மீதி நாற்காலியில்.
ஜோவிட்டாவிடம் முப்பதாயிரம்,
நான்கு மணி நேரமும் சக்கரம் சுற்றும்.
வகுத்துப் பார்த்தால் மலைக்காரி மலிவு.

சனிக்கிழமை மேலே போனேன்.
ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு டீக்கடை.
பிரெட் ஆம்லெட்டை ஒரு கையால் பிய்த்தபடி
நான் அனுப்பியிருந்த வீடியோவை
லேப்டாப்பில் ஓட்டினாள்.
ஒரே வளைவை, பதினொரு முறை.
பிறகு விரலை வைத்தாள்.
"இங்க பாருங்க சார்.
ஆக்ஸிலேட்டரை விட்டுட்டீங்க,
பிரேக்கை இன்னும் மிதிக்கல.
இந்த ஒரு நொடி
கார் யாரோடதும் இல்ல."

காது சுட்டது.
சுற்றிப் பார்த்தேன்.
பஜ்ஜி போடுகிறவர் எண்ணெயைப் பார்த்திருந்தார்.
புதுமணத் தம்பதி
ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
யாருக்கும் கேட்கவில்லை.
அப்பாடா, என்றது மனசு.

இறங்கும்போது தூறல், பனி.
முன்னால் அரசுப் பேருந்து,
கொண்டை ஊசி ஒவ்வொன்றிலும்
தன் முழு உடம்பையும் சாலைக்குக் காட்டிக்கொண்டே
கூச்சமில்லாமல் திரும்பியது.
பத்தொன்பது, பதினெட்டு,
எண்கள் குறைந்துகொண்டே வந்தன.
இருபது கிலோமீட்டர் வேகம்.
யோசிக்காமல் இருக்க முடியாத வேகம்.

பதினான்காவது வளைவில்
அந்த 'அப்பாடா' திரும்பி வந்து குத்தியது.

பதினெட்டு வருஷமாய்
எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று
நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, சுடுகாட்டுக்கு
ஏறி உட்கார்ந்தவர்கள்
பத்திரமாய் இறங்கிப் போனார்கள், அவ்வளவுதான்.
நான் தராசில் ஏற்றியது
பணத்தை அல்ல, மணியை அல்ல.
என் தப்பை எத்தனை பேர் கேட்பார்கள் என்பதை.
ஒரு காதா, பன்னிரண்டு ஜோடியா?

அடிவாரத்தில் ஓரம் கட்டினேன்.
வைப்பர் ஓடிக்கொண்டேயிருந்தது.
எழுதினேன்: முதல்ல பள்ளி. அப்புறம் நீ.
கட்டைவிரல் ஒன்று வந்தது.
கொஞ்சம் கழித்து இன்னொரு வரி:
ஜனவரியில என் ரேட் ஏறும் சார்.

திங்கட்கிழமை படிவம்.
பெயர், ரத்த வகை,
அவசரத்துக்கு யாரை அழைக்க.
ஹெல்மெட்டுக்குத் தலைச்சுற்றளவு, சென்டிமீட்டரில்.
கிடங்கில் டேப் கிடைக்கவில்லை.
மூட்டை தைக்கும் சணலைக் கொண்டுவந்து
நெற்றியைச் சுற்றிப் பிடித்து,
ஸ்கேலில் வைத்து வைத்து அளந்தாள் பாவாயி.
"அம்பத்தொம்போது.
வெளியளவு இது.
உள்ள எவ்வளவுன்னு அவங்கதான் சொல்லணும்."

லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஆறு பேரும் சிரித்தார்கள்.
ஒருவன் மூட்டையை இறக்கிவைத்துவிட்டே சிரித்தான்.
நான் எழுந்து போகவில்லை.
ஐம்பத்தொன்பது என்று எழுதிவிட்டு,
இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன்.