முந்நூற்று நான்கு

தோட்டப்பாளையத்தில் எங்கள் லாட்ஜில்
அறைக்கொரு அடுப்பு.
மாடித்தொட்டித் தண்ணீர் எல்லோருக்கும் ஒன்று,
எண்ணெய்தான் வேறு வேறு.
அடுத்த அறை டப்பாவை யாரும் திறப்பதில்லை.

"இதேதான்" என்றான் திகந்தா,
நல்பாரியிலிருந்து வந்து மூன்று மாதமாக
304-ல் இருப்பவன்.
"கணினிக்குள்ளும் இப்படி ஓர் அறை கட்டு."

ரிசப்ஷன் கணினி விண்டோஸ்.
பில் போடும் மென்பொருள்
ஒரு பழைய பைத்தானை நம்பிப் பிழைக்கிறது.
போன வாரம் நான் புதியதை ஏற்றிவைக்க
பதினோரு அறைக்கு வாடகை பூஜ்யம் என்று வந்தது.
முதலாளி என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல்,
யாருக்கு எப்போது செய்தி போகவேண்டும்,
அவ்வளவுதான் வேலை.
அவன் தம்பி ஆஸ்பத்திரியில் தனியறையில்.
வடிகட்டிய காற்று. பூ கூடாது, நறுக்கிய பழம் கூடாது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
கையசைக்கலாம்.

மே மாத வேலூர், இரவு பதினொன்று,
ஃபேன் அனலைத்தான் சுற்றிவிட்டது.
ஸ்கிரிப்ட் ஓட்ட இங்கே அனுமதியில்லை
என்றது விண்டோஸ்.
அனுமதி கொடுத்தேன். சாய்கோட்டை
இடப்பக்கம் சாய்த்தேன்.
அவன் லினக்ஸில் அது வலப்பக்கம் சாயவேண்டும்,
அதற்கு முன்னால் அறை கட்டும் கருவியே இல்லை,
லாட்ஜ் வைஃபையில் அது இறங்க
நாற்பது நிமிடம்.
பேரணாம்பட்டிலிருந்து அஸ்ரா வீடியோவில் வந்தாள்,
மடியில் ஷூ கம்பெனி கொடுத்த மேக்.
"இதுல ஏற்கெனவே ஒரு பைத்தான் இருக்குடி."
"அதைத் தொடாதே. அது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

ஒன்றேகாலுக்கு மூன்று திரையிலும்
வரியின் தலையில்
அடைப்புக்குறிக்குள் வந்து உட்கார்ந்தது 304.
அஸ்ரா கொட்டாவி விட்டாள்.

ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் கேட்டேன்.
"அறையைப் பெயர்த்து எடுத்துப்போக முடியாது,
உள்ளே சுவரெல்லாம் பழைய விலாசம்.
என்னென்ன இருந்தது என்று பட்டியல் எடு,
போன இடத்தில் புதிதாகக் கட்டு."
"கெட்டுப்போனால்?"
"அழித்துவிடு. கணினிக்கு ஒன்றும் ஆகாது.
முதலிலிருந்து..."
அதற்குமேல் சொல்லவில்லை.
கீபோர்டில் எதையோ ஊதித் துடைத்தான்.

நாற்பத்தோரு பேருக்குச் செய்தி போனது.
ஆறு பேர் வந்தார்கள்.
சோளிங்கர் பஸ் கண்டக்டர் ஒருவர்
தோளில் பையை மாட்டியபடியே படுத்துக்கொள்ளப் பார்த்தாராம்.

இப்போது 304-ல் கடப்பாக்காரர்கள்.
அடுப்பைச் சோடா போட்டுத் தேய்த்துத்தான் கொடுத்தோம்,
சாம்பாரில் யாருடைய கடுகெண்ணெயோ மணக்கிறது
என்று புகார்.
என் கணினியிலும் அந்த ஃபோல்டர் இருக்கிறது,
அழிக்கவில்லை.

உள்ளே போகத்தான் ஒவ்வொன்றிலும் ஒரு வழி.
வெளியே வர மூன்றுக்கும் ஒரே சொல்,
அதை அவன் சொல்லித்தந்தது கடைசி நாளில்,
பில் முடித்து,
காட்பாடியிலிருந்து போகும் ரயிலுக்கு
நான் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தபோது.

இரண்டு டிக்கெட்.
இங்க் குறைவு. இரண்டாவது பெயர்
சரியாக விழவில்லை என்று
மறுபடி எடுத்தேன்.