கிலோ கணக்கில் நாக்கு

ஆணியில் தலையைக் குத்துகிறான் சீவர்ட்.
ஒரு திருப்பு, ஒரு வெட்டு.
வாளியில் விழுகிறது இன்னொரு நாக்கு.
என் மகனுக்குப் பதினொரு வயது.
பள்ளி விட்டதும் துறைக்கு ஓடிவந்து
இருட்டுவதற்குள் இருபது கிலோ அறுத்துவிடுவான்.
லொஃபோட்டன் தீவுகளில் காட் மீன் வரும் காலம்,
பிள்ளைகளின் பையில் காசு குலுங்கும் காலம்.

வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசாத மீன்.
அதற்கும் ஒரு நாக்கு,
நாக்குக்கு ஒரு விலை.

நான் மூன்று வாரமாகப் பேசவில்லை.
சரியாகச் சொன்னால், பேசுகிறேன்:
ரொட்டி தீர்ந்துவிட்டது,
கையுறை எங்கே,
காற்று வடக்கே திரும்பிவிட்டது.
ஆளைப் பற்றி மட்டும் ஒரு சொல் கிடையாது.
லெந்து நாட்களில் சிலர் சர்க்கரையை விடுவார்கள்,
நான் இதை விட்டேன்.
தொண்டை கட்டிவிட்டதா என்று
ஜெபவீட்டு வாசலில் கேட்டாள் ஓசே.
ஆமென்று தலையாட்டினேன்.
வாய் திறக்காமலும் பொய் சொல்லலாம்,
அன்றுதான் தெரிந்தது.

நவம்பரில் நடந்தது.
ஆராதனை முடிந்து காப்பி, வாஃபிள், பழுப்புச் சீஸ்.
மிஷன் பெட்டியில் எண்ணூறு குரோனர் குறைகிறது என்றார்
பொருளாளர் ஹால்வர்.
நான் வாஃபிளில் ஜாம் தடவிக்கொண்டே,
யார் முகத்தையும் பார்க்காமல்,
"கடைசியாகச் சாவி ஐலிஃபிடம் அல்லவா இருந்தது?"
என்றேன்.

அவ்வளவுதான்.
கேள்விதான், பொய் அல்ல, சாவி அவனிடம்தான் இருந்தது.
எத்தனை இரவு இதைத் தராசில் ஏற்றி இறக்கினேன்!
கேள்விதான்.
பொய் அல்ல.
சாவி அவனிடம்தான்.
ஜாம் இனித்ததும் நினைவிருக்கிறது.

படகுகளின் வின்ச்சைப் பழுது பார்ப்பவன் ஐலிஃப்.
டிசம்பரில் இரண்டு படகுகள் வேறு ஊர் மெக்கானிக்கைத் தேடிப் போயின.
மூன்றாம் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போனான்.
பிறகு அங்கும் இல்லை.

ஜனவரியில் பணம் கிடைத்தது,
ஹால்வரின் மழைக்கோட்டு உறைக்குள், வங்கிச் சீட்டோடு.
எல்லோரும் ஆண்டவருக்கு நன்றி சொன்னோம்.
ஐலிஃபின் பெயரை யாரும் சொல்லவில்லை.
யாரும் அவனைத் திருடன் என்று சொல்லவும் இல்லையே,
எதைத் திரும்பப் பெறுவது?

அதனால்தான் இந்த மௌனம்.
என் வாய்க்கு ஒரு காவல்காரனைக் கேட்டேன்,
ஆண்டவர் தந்தார்.
நல்ல காவல்காரன்.
வம்பை வெளியே விடுவதில்லை.
வெளியே போக வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தையும்
விடுவதில்லை.
அவனுக்குப் படிகூட நானே அளக்கிறேன்.

"கத்தி வழுக்குகிறதே, புதிதா?" என்றேன் சீவர்டிடம்.
"ஐலிஃப் தீட்டித் தந்தார்," என்றான், அடுத்த தலையைக் குத்தியபடி.
"காசு வேண்டாமாம்."
"வேறென்ன சொன்னார்?"
"ஒன்றும் சொல்லவில்லை."

ஒரு திருப்பு, ஒரு வெட்டு.

குருத்தோலை ஞாயிறு. அதே மேசை, அதே ஜாம் புட்டி.
கரண்டியால் கோப்பையைத் தட்டினேன்.
தொண்டை சரியாகிவிட்டது என்று ஓசே சிரித்தாள்.
நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும் என்பார்கள்.
என் நாக்கு புரளவில்லை.
நங்கூரத்தை இழுப்பதுபோல் இழுத்தேன்.
"நவம்பரில் சாவியைப் பற்றிக் கேட்டது நான்," என்றேன்.
"கேட்டது தெரிந்துகொள்வதற்காக அல்ல."
யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
ஹால்வர் தன் கோப்பைக்குள் எதையோ தேடினார்.
"பரவாயில்லை" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ
என்றுதான் பயந்தேன்.
சொன்னார்கள்.

மாலையில் ஐலிஃபின் வீட்டுக்குப் புறப்பட்டேன்.
ஒரு கிலோ நாக்கைப் பையில் கட்டியிருந்தேன்,
மாவில் புரட்டி வெண்ணெயில் பொரிக்கத் தோதான, பெரிய நாக்குகள்.
பாதி வழியில் நின்றேன்.
எனக்காக மீன்களைப் பேச அனுப்புகிறேன்.
திரும்பி வந்து பையைப் படியில் வைத்துவிட்டு
மறுபடி நடந்தேன்.

வாசலில் அவன் பூட்ஸ்,
அதன்மேல் பொடிப்பனி.
தட்டிவிட்டேன்.
உள்ளே நாற்காலி நகரும் ஓசை.
எங்கே தொடங்குவதென்று இன்னும் தெரியவில்லை.
கை வெறுமையாக இருக்கிறது,
வாய் மட்டும் இருக்கிறது.