மஞ்சள்

மெற்றில்டா முதலில் கேட்டது என் தொண்டையை.
"சாளைக்கு நீ விலை கூவுற சத்தம்
மூணு தெரு தாண்டிக் கேக்குது.
கரண்டு போனா மைக்கு செத்துரும்.
நீ சாவமாட்டியே?"
சிரித்தேன். ஏலத்துக்கு நின்ற எல்லாரும் சிரித்தார்கள்.
அவள் எழுதிக்கொண்டாள்.

பச்சை அட்டை போட்ட நோட்டு.
குளச்சலுக்குப் பக்கத்தில் எங்கள் கரை
முழுசாக அதற்குள் கிடந்தது:
தங்கலுக்குப் போன வள்ளம், ஏறின ஆட்கள்,
எத்தனை நாளைக்கு ஐஸ்.
கிளீட்டசுக்கு இடது கால் இல்லை, தூக்க இரண்டு பேர்.
ஆன்சலினுக்கு ஒன்பதாம் மாதம்.
ததேயுஸ் குடித்திருந்தால் வாசலில் நின்று மல்லுக்கட்டாதே,
அவன் மகளை அனுப்பு.

பங்குப்பேரவையில் கேட்டார்கள்,
கலெக்டர் ஆபீசில் சொல்வார்கள், டிவியில் சொல்வார்கள்,
இவள் யார் என்று.
கருவாட்டுக் கூடையை இறக்காமலே சொன்னாள்:
"டிவிக்கு கிளீட்டஸ் வீடு தெரியுமா?"

கார்த்திகையில் ஒரு ராத்திரி.
தூண்டில் வளைவில் கட்டிய கொடி
நின்ற இடத்தில் நிற்காமல் திசை மாற்றிக்கொண்டிருந்தது.
செய்தியில் மஞ்சள் என்றார்கள்.
மஞ்சளுக்கு எழும்பணுமா, உறங்கணுமா?
பதினொன்றரைக்கு என் கதவு.
"கூவு."
"வராமப் போனா?"
"வராமப் போனா என்னைத் திட்டுவாங்க. நீ போ."

விலை இல்லாமல் கூவுவது
எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.
குருசடி முக்கு, ஐஸ் பிளான்ட் சந்து,
சுனாமி காலனியின் ஒரே மாதிரிக் கதவுகள்.
கால்வாய்ப் பாலத்து இருட்டில்
யாருடைய குழந்தையென்று தெரியாமல்
ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

விடிந்தபோது வெயில் அடித்தது.
கூச்சமே இல்லாத வெயில்.
புயல் எங்களைத் தொடாமல் கடலோடு போயிருந்தது.
அவள் வயர்லெஸ்ஸில் கெஞ்சிக் கூப்பிட்ட நாலு வள்ளமும்
முந்தின நாளே திரும்பிவிட்டன,
அரை ஐஸோடும் முழுக் கடனோடும்.
டீசல் காசை அவளிடம் கேட்டார்கள்.
ததேயுசுக்கு இரண்டு கோழியைக் காணவில்லை.
மஞ்சள் மெற்றில்டா என்று யாரோ பேர் வைக்க
பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூட வராந்தா முழுக்கக் கத்தின.

எல்லாவற்றையும் கேட்டாள்.
மன்னிச்சிருங்க என்று சொல்லவில்லை.
பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து, சத்தமாகவே, எழுதினாள்:
"நாப்பத்தொரு நிமிஷம். கூடுதல்.
பாலத்துல ஒரு பல்பு.
கிளீட்டசுக்கு ரெண்டு பேர் போதாது, கனம் வச்சிட்டான்.
கோழிக்குச் சாக்கு."

மை தீர்ந்து வேறு பேனா தேடிப் போனாள்.
நோட்டு என் மடியில். முதல் பக்கம் புரட்டினேன்.
தேதி, போன வருஷத்து மாசி.
தலைப்பு: மெற்றில்டா இல்லாவிட்டால்.
கீழே மூன்று பெயர்.
முதலில் ததேயுஸின் மகள் ரெஜினி.
அடுத்தது ஐஸ் பிளான்ட் வாட்ச்மேன்.
மூன்றாவது நான்.
பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில்,
"சிரிப்பான். ஆனா வருவான்."